வட்டில் இடமில்லை

மொண்டேவீடியோவில் மூன்றாம் நாளாக மழை.
நேலிதா பெரெய்ராவின் கணினி
கண் விழிக்க ஏழு நிமிடம் கேட்கிறது.
அதற்குள் மாத்தே இலை ஊறி
ஆறியும் விடுகிறது.

திரையில் சிவப்புக் கோடு:
வட்டில் இடமில்லை.

எதைத் தொடுவதற்கு முன்பும் நகல் எடு
என்றான் கடைக்கார ஒஸ்வால்தோ,
வெளி டிஸ்க் ஒன்றைத் தலையில் கட்டிய கையோடு.
எடுத்தாள். ஒரு மதியம் அதிலேயே போயிற்று.

பிறகு தொடக்கப் பட்டியல்.
அம்மாடி, எத்தனை பேர்!
கூப்பிடாமலே விடியலில் வந்து
வாசலை அடைத்து நிற்கிறார்கள்.
விற்றுவிட்ட பிரின்டரின் ஏவலாள் ஒருவன்
நாலு வருடமாகத்
தாளுக்குக் காத்திருக்கிறான்.
போய் வா ராசா, என்று அணைத்தாள்.
தழுவி அல்ல, சொடுக்கி.

கார்னிவல் உடை தைத்த வரவுசெலவு:
கணக்கு இறுதி
கணக்கு இறுதி இரண்டு
கணக்கு இதுதான் இறுதி
மூன்றிலும் கூட்டல் தப்பு.
தப்பில் எது நல்ல தப்போ
அதை மட்டும் வைத்துக்கொண்டாள்.

தற்காலிகக் கோப்புகள், பதினோரு ஜிபி.
இந்த வீட்டுக்கும்
தற்காலிகமாகத்தான் குடிவந்தாள்,
பத்தொன்பது வருடத்துக்கு முன்னால்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது
பயனர் இரண்டு: வால்த்தேர்.
அறுபத்திரண்டு ஜிபி.
ஆள் பில்பாவோ போய் ஆறு வருடம்.

நிர்வாகி அவள்தான்.
அழிக்கக் கடவுச்சொல் வேண்டாம்,
நுழையத்தான் வேண்டும்.
குறிப்பு: மழை நாளில் நீ கேட்பது.

எண்ணெய்ச் சட்டி ஞாபகம் வந்தது.
தோர்த்தாஃப்ரித்தா, என்று தட்டினாள்.
தவறு.
முதல் எழுத்தைப் பெரிதாக்கினாள்.
திறந்தது.

அத்தனையும் கால்பந்து.
பேட்டை அணி தோற்ற ஆட்டங்கள்,
கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து
ஆடி ஆடிப் பிடித்த படங்கள்.
தன் முகத்தைத் தேடினாள், முக்கால் மணி நேரம்.
ஒரே ஒரு ஓரத்தில் ஒரு முழங்கை,
பச்சை ஸ்வெட்டரில்.
அவளுடையதாக இருக்கலாம்.
ஸ்வெட்டர் அவளுடையதுதான்.

அந்த ஒரு ஆட்டத்தை வெளி டிஸ்க்கில் போட்டாள்.
மற்றதைக் குப்பைத்தொட்டிக்குத் தள்ளினாள்.
தொட்டியில் கிடந்தாலும் பாரம் பாரம்தான்;
காலி செய்யவா, என்று கேட்டது.
எழுந்து போய் மாவு பிசைந்துவிட்டு வந்து
ஆம் என்றாள்.

மறுநாள் நாற்பது நொடியில்
கணினி எழுந்து உட்கார்ந்திருந்தது.
அவள்தான் தயாராகவில்லை.
அவசரமாக ஒரு மிடறு உறிஞ்சி
நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.