குவார்ட்டர் பாட்டிலில் வெந்நீர்

மருந்துக்கடைக்காரர் எடுத்துக் காட்டினார்:
சிவப்பு ரப்பர், வரிவரியாய், மூடியோடு.
முந்நூற்று ஐம்பது.
கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு
இருமல் மாத்திரை இரண்டு போதும் என்றேன்.

ஓட்டுப்பட்டறைக்கு இறங்கும் வளைவில்
சுவரோரம் காலிப் பாட்டில்கள்.
எங்கள் மலையில் அவற்றுக்கு மரியாதை உண்டு:
திருப்பிக் கொடுத்தால் தலைக்குப் பத்து ரூபாய்.
விடிகாலையில் நான் பொறுக்குவது அதற்குத்தான்.
அன்று இரண்டைத் தனியே எடுத்து வைத்தேன்.
தட்டையாய், லேசாய் உள்வாங்கிய வயிறோடு,
சட்டைப்பைக்கென்று செய்த வடிவம்
என் அடிவயிற்றுக்கும் பொருந்தியது.

கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் முதலாவது
டப்பென்று விரிந்தது. பத்து ரூபாய் நட்டம்.
இரண்டாவதிடம் கொஞ்சம் பொறுமை காட்டினேன்.
புளியும் சாம்பலும் போட்டுக் குலுக்கியும்
நாலு நாள் பிராந்தி வாடை போகவில்லை.
அதன்மேல், நான் கூட்டித் துடைக்கும் லாட்ஜில்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கம்பளிக் காலுறை.
ஜோடியாக எவரும் விட்டுப்போவதில்லை.

என் அறையில் வேறு என்ன இருக்கிறது?
ஜன்னலுக்கு ஏதோ மாநாட்டின் ஃப்ளெக்ஸ்:
வருக வருகவில் ஒரு வருகவும்
யாரோ ஒருவரின் கும்பிட்ட கையும்.
மழை வந்தால் கும்பிட்டபடியே நனைவார்.
கேபிள் சுற்றிவந்த மர உருளை, மேசை.
பதினாறு அறைகளின் மிச்ச சோப்பை
ஈரத்தோடு பிசைந்து பிடித்த உருண்டை;
தேய்த்தால் முதலில் மல்லிகை, அப்புறம் எலுமிச்சை,
அப்புறம் பெயர் தெரியாத பணக்கார வாசனை.
பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில்
உடைந்ததெல்லாம் கேட்பவர்க்கு.
போக வரப் பெண்களுக்கு பஸ் காசில்லை.
என் சாம்பாரில் முழுக் கேரட் மிதந்து
நான் பார்த்ததில்லை.
அடுப்புக்குச் சீகைச் சுள்ளி.
மூக்கடைத்தால் கற்பூர மரத்து இலை,
ஃபாரஸ்ட்காரர் பார்க்காத பக்கத்தில்.

லாட்ஜில் ஹீட்டர் ஓர் இரவுக்கு நானூறு.
பிளக்கைச் செருகிவிட்டு வருவது என் வேலை.
சிவக்கும் வரை நின்று
உள்ளங்கையைக் கொஞ்சம் காட்டிக்கொள்வேன்.
அதற்கு பில் கிடையாது.

ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்,
அதுவும் பழைய லாட்ஜ் ரிஜிஸ்டரின் பின்பக்கம்.
வாங்காதவை என்று தலைப்பு.
திரைச்சீலை எண்ணூறு. மேசை ஆயிரத்து இருநூறு.
சோப்பு மாதம் நூற்று இருபது.
வெந்நீர்ப் பை முந்நூற்று ஐம்பது, கழித்தல் இருபது.
இப்படியே மூன்று பக்கம்.
போன ஞாயிறு கூட்டிப் பார்த்தேன்:
ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம்!
அன்று பகல் முழுக்க என் நடையே வேறு.
சாயங்காலம் பால்பவுடர் டப்பாவைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
மீதி எங்கே போனதென்று
உண்மையாகவே கொஞ்ச நேரம் தேடினேன்.

வாசலில் பதினொரு காலிப் பாட்டிலைப் பார்த்து
வீட்டுக்காரர் போஜன் தொண்டையைச் செருமினார்.
"எல்லாம் உன்னோடதாம்மா?"
எல்லாம் என்னுடையதுதான் என்றேன்.
விளக்கம் சொல்வதும் ஒரு செலவு.

மறுவாரம் உறைபனி.
புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல்.
இரவு பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம்:
அவர் மனைவி மாசி, முழங்காலைப் பிடித்தபடி.
"அது வெந்நீர்தானே?
ராத்திரி ஊத்துற சத்தம் சுவர் வழியாக் கேக்கும்.
அவர்தான் வேற நினைச்சாரு.
இன்னொண்ணு இருக்குமா?"

இருந்தது. காலுறைதான் இல்லை.
என் ஸ்வெட்டரில் கிழிந்த கையை வெட்டி
ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.
எவ்வளவு என்று மடியைத் தடவினாள்.
பத்து ரூபாய்,
அதுவும் கடையில் திருப்பிக் கொடுத்தால்
உங்களுக்குத்தான் வரும் என்றேன்.
அவளுக்குக் கணக்குப் புரியவில்லை.
எனக்கும்தான்.

நோட்டில் அதை எங்கே எழுதுவது?
பேனாவை மூடி, விளக்கை அணைத்துப் படுத்தேன்.
வெட்டிய கைப்பக்கம் குளிர்ந்தது.
வயிற்றில் சூடு, லேசாய் பிராந்தி வாடை.

மூன்று மணிக்கு ஆறிப்போகும்.
கடையில் விற்கும் சிவப்புப் பையும்
மூன்று மணிக்கு ஆறத்தான் செய்யுமாம்.
கேட்டுவிட்டேன்.