பதினாலாம் பொறி

செவ்வாய்தோறும் நான் குடிகாரி.
கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்படித்தான் பேச்சு.
கையில், சட்டையில், கொண்டையில்கூட
ஸ்பிரிட் வாசம்.

சோடாப் போத்தலில் சன்னல் வெட்டி,
அடியில் சவர்க்காரத் தண்ணீர்,
உள்ளே ஒரு குப்பி ஸ்பிரிட்.
இப்படி இருபத்திரண்டு
ஆற்றங்கரையிலிருந்து காட்டெல்லை வரை
மரத்துக்கு மரம் தொங்குகின்றன.

நோவுற்ற மரம் சாராய நெடி விடுமாம்,
வண்டு அதைத் தேடித்தான் வருமாம்.
வகுப்பில் கருணாதிலக மாத்தையா சொன்னபோது
"எங்க வீட்டு ஆளும் அப்பிடித்தான்" என்றாள்
பின்வாங்கில் பெனடிக்டா.
அவர் சிரிக்கவில்லை.
அவள் தமிழில் சொல்லியிருந்தாள்.

எள்ளளவு என்றால் மெய்யாகவே எள்ளளவு.
கறுப்பு.
கண்ணாடியில் பார்த்தால்
சுமை தூக்கிப் பழகிய முதுகு.
மரத்தை அது தின்பதில்லை.
வாய்ப்பையில் பூஞ்சண விதை கொண்டுவந்து
தோண்டிய சுரங்கத்தில் தூவி
விளைந்ததைப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது.
நல்ல விவசாயிதான்.
நீர் ஏறும் வழி அடைத்து
மரம் நின்றபடியே சாகிறது.

படிவத்தில் ஆறாவது கட்டம்:
எங்கிருந்து வந்தது?
எங்கள் லயத்தில் யாரிடமாவது இதைக் கேட்டால்
ட்ரங்குப் பெட்டியைத் திறந்து
பழைய காகிதம் தேடப் போய்விடுவார்கள்.
நான் ஒரு கோடு இழுத்துவிட்டு
ஏழாவதுக்குப் போவேன்.

ஜனவரி முழுக்க
மூன்று, ஒன்று, பூச்சியம்.
பூச்சி இல்லாத இடத்திலும்
பூச்சியம் என்று எழுதத்தான் வேண்டும்.
பெப்ரவரியில் பதினாலாம் பொறியில்
முப்பத்தொன்று.
அடுத்த செவ்வாய் எழுபது.

நோய் கண்டது கீழ்மலையில்.
பட்டர்புரூட் மரங்களை வெட்டி
அங்கேயே எரிக்கச் சொன்னோம்.
ஒரு சுள்ளிகூட ஆறு தாண்டக் கூடாது என்று
வாச்சர் தங்கவடிவேலுக்கு விசில் வாங்கிக் கொடுத்தோம்.
பதினாலோ மேல்மலையில்.

பட்டை தடவித் தடவி நடந்தேன்.
சபுக்கு மரத்தில் ஊசி குத்திய ஓட்டை,
ஓட்டையிலிருந்து சேமியாபோல் நீண்ட மரத்தூள்.
ஊதினால் உதிர்ந்தது.
அடுத்த மரம். அதற்கடுத்தது.
வேலி.
கோழிக்கூடு.
ஏழாம் லயத்தின் பின்சுவர்.
நாலாம் காம்பரா.

என் காம்பரா.

அடுப்படிக்குப் பின்னால்
உரப்பை போர்த்திய விறகு.
மாமாவின் முப்பத்தோராம் நாள் சோற்றுக்கு
நாத்தனார் கொண்டுவந்து மிச்சமானது.
சட்டென்று பிடிக்குது, நல்ல விறகு என்று
நானேதான் சொன்னேன்.
எங்கே பொறுக்கியது என்று கேட்கவில்லை.
காஸ் சிலிண்டர்
நாலு மாதமாய் மூலையில் உருண்டு கிடந்தது.

"ஆறு தாண்டினா
விறகு வேற சாதியாகிடுமா?" என்றாள் யசோதை.
எனக்குப் பதில் தெரியும்.
வகுப்பில் படித்தது, படத்தோடு.
சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவே எல்லாவற்றையும் கொளுத்தினோம்.
உலை வைக்காமல் இவ்வளவு நெருப்பை
எங்கள் லயம் கண்டதில்லை.
குளிருக்குப் பிள்ளைகள் வந்து குந்தினார்கள்.
யாரோ வத்தாளங்கிழங்கு போட்டார்கள்.
ஓட்டை ஓட்டையாய்ச் சீறி
எரிந்துகொண்டிருந்தது கட்டை.
தங்கவடிவேலும் வந்து கை காய்ந்தார்.
விசில் கழுத்தில்தான் இருந்தது.

விளக்கைக் கிட்ட வைத்து
ஆறாவது கட்டத்தில் எழுதினேன்:
ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
தலைச்சுமையாக.
மாத்தையா வாசித்துவிட்டு
என்னை வேலையில் வைப்பாரோ தெரியாது.

ஒன்பது மரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியாகிவிட்டது.
காலையில் வாள் வரும்.
உடுப்புக் காயப்போடும் கயிற்றை
ஒன்பதாவதிலிருந்து
இப்போதே அவிழ்த்துவிட்டேன்.
இன்னும் ஈரம் காயவில்லை
பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை.