குடை

"குடை" என்கிறேன்.
வெகுநேரம் உதட்டைக் குவித்துப் பார்த்துவிட்டு
"மழை" என்கிறார் சீரங்கன்.
தவறென்று அவருக்கே தெரிகிறது.
இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்கிறார்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம்.
வலது கை மடங்கத் தொடங்கிவிட்டது.
நான் சொல்வதெல்லாம் விளங்குகிறது.
பேச்சும் வருகிறது:
மருமகனை ஏசுகிறார்,
சோற்றில் உப்பில்லை என்கிறார்.
என் சொல்லை வாங்கி
எனக்கே திருப்பித் தரத்தான் முடியவில்லை.

கண்டியிலிருந்து வந்த படத்தைக் கட்டிலில் விரிக்கிறேன்.
முன்னும் பின்னும் ஓடும் நரம்புகள் பச்சை.
ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் போகிறவை சிவப்பு.
முதுகுத்தண்டுக்கு இறங்குகிறவை நீலம்.
காதுக்கு மேலே வில்லாய் வளைந்து
கேட்கும் இடத்தைச் சொல்லும் இடத்தோடு
கட்டிவைக்கும் கற்றை மட்டும்
இடப்பக்கம் நடுவழியில் இல்லை.
நகத்தளவு கறுப்பு.

எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறேன்.
இருபத்தெட்டு வருடம்
தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி
நடந்த மனிதர் அவர்.

படத்தைத் தன் பக்கம் திருப்புகிறார்.
வளைவின் மேல் விரல் ஓடுகிறது.
"தெமோதர" என்கிறார்,
யாரும் கேட்காமலே, திக்காமல்.
கறுப்பில் விரல் நிற்கிறது.
"மண்ணு சரிஞ்சிருச்சு."

"ஆமா. ரெண்டு ஸ்டேசனும் நல்லாத்தான் இருக்கு."

"சனம்?"

எனக்குப் புரியவில்லை.
கேள்வி கேட்பது வழக்கமாக நான்தான்.

"ஓகியாவுல லைன் போனப்ப
சனம் எறங்குச்சு மிஸ்.
மூட்டய, புள்ளய தூக்கிக்கிட்டு,
அட்டக்கடியில, காட்டுக்குள்ள நடந்து,
அந்தப் பக்கம் நின்ன ரயில்ல ஏறுச்சு.
லேட்டுத்தான்."

அன்று மாலை அறிக்கையில்
"குடை: பிழை" என்று எழுதியதை அடித்தேன்.
அந்தச் சொல் நேர்வழியில் வரவில்லை.
நனைகிறவர்கள், ஒழுகும் லயத்துக் கூரை,
ஓரத்தில் சாய்த்துவைத்த ஈரக் கம்பிகள்,
இவற்றின் வழியே சுற்றி நடந்திருக்கிறது.
தன் ஒலியை எங்கோ புதரில் தொலைத்துவிட்டு
அர்த்தத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு
வந்து நின்றிருக்கிறது.

திங்கட்கிழமை.
"சாவி" என்றேன்.

சன்னலுக்கு வெளியே
நமுனுகுலவை மேகம் மூடித் திறந்தது.
பக்கத்துக் கட்டிலுக்குத் தேத்தண்ணி வந்து போனது.

"குடை" என்றார், தெளிவாக.

வெள்ளிக்கிழமை ஏறியது.
இப்போதுதான் வந்து சேர்கிறது.