வெட்டி வைத்த வரி

தக்கலை பதிவகத்துக்கு எதிர்மாடியில்
வேலப்பன் சாரின் பத்திர அலுவலகம்.
மின்விசிறிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.
கணினி மட்டும் புதுசு.

நகலெடுப்பதையெல்லாம் ஞாபகம் வைக்கும்
சின்ன மென்பொருள் ஒன்றை
ஓணத்துக்கு வந்த அக்கா மகன் போட்டுத் தந்தான்.
"அம்பது வரைக்கும் நிக்கும் சித்தி.
அம்பத்தொண்ணு வந்தா
அடியில கெடக்கது தானா போயிரும்."

இரண்டு விசையை அமுக்கினால்
திரையோரம் நீளமாய் இறங்குகிறது என் பகல்:
ரீசர்வே எண். ஆதார் எண்.
வடக்கே ஓடை, கிழக்கே வர்கீஸ் வகை ரப்பர் விளை.
பதினேழரை சென்ட்.
நிற்கும் மரங்கள் தென்னை ஒன்பது, அயனி ஒன்று.
யாரோ ஒருவரின் பெயர்,
அதற்கு முன்னால் போட மறந்து
பிறகு எடுத்து வைத்த 'காலஞ்சென்ற'.
நடுவில் எப்படியோ
மீன்காரிக்குப் பணம் அனுப்பிய எண்.

அதிகம் ஒட்டுவது ஒரு வரிதான்.
விடுதலைப் பத்திரத்தில், மூன்றாம் பத்தியில்:
'முழு மனதுடனும், சுய நினைவுடனும்,
பிறர் தூண்டுதல் ஏதும் இன்றியும்.'
அக்காமாரும் தங்கச்சிமாரும்
கூடப்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்கும் எல்லாவற்றிலும்
எழுத்து மாறாமல் உட்கார்ந்துகொள்ளும்.
ஒரு நொடிகூட ஆகாது.
மனசு இத்தனை வேகமாய் முழுசாவதை
எந்தப் பதிவாளரும் சந்தேகப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை லில்லிபாய் வந்தாள்.
பின்னால் இரண்டு தம்பிமார்,
மூத்தவன் கையில் ஸ்வீட் பெட்டி.
கையெழுத்து எங்கே என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.
இவள் கண்ணாடியைச் சேலையில் துடைத்து
திரையிலேயே முதலிலிருந்து வாசித்தாள்.
ஓடையைத் தாண்டினாள். அயனியில் கொஞ்சம் தங்கினாள்.
மூன்றாம் பத்தியில் நின்றுவிட்டாள்.

"இது ஆரு சொன்னது பிள்ளே?"
எப்பவும் போடுகிறதுதான் என்றேன்.
"நான் சொல்லல்ல.
ஒப்பிடணும்னாவ, வந்தேன்.
முழு மனசுன்னு ஆரு அளந்து பாத்தா?"

தம்பிமார் டீ குடிக்க இறங்கியிருந்தார்கள்.
வேலப்பன் சார் போனில்
முத்திரைத்தாள் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.
வரியைத் தேர்ந்தேன். வெட்டினேன்.
மேல்வரியும் கீழ்வரியும்
ஒன்றுமே நடக்காததுபோல் நெருங்கி அமர்ந்தன.
"எங்க போச்சு?"
பட்டியலைத் திறந்து காட்டினேன், முதலிடத்தில்.
"அங்ஙனயே கெடக்கட்டு. ஒட்டண்டாம்."
குடையை எடுத்துக்கொண்டு போனாள்.
முளகுமூடு பஸ்ஸில் அவள் ஏறுவதை
மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை வருவா,
வராம எங்க போவா" என்றான் மூத்தவன்.
ஸ்வீட்டை மேசையிலேயே விட்டுப் போனார்கள்.

நல்லவேளை, அடுத்த இரண்டு நாளும்
கிரயமும் அடமானமும்தான்.
ஒவ்வொரு நகலுக்கும்
வரி ஒரு படி இறங்கியது.
பன்னிரண்டு. இருபத்தொன்பது.
வியாழன் சாயங்காலம் நாற்பத்தாறில் கிடந்தது.
மழை பிடித்தது, சார் சீக்கிரம் கிளம்பினார்.
நான் உட்கார்ந்து நகலெடுத்தேன்:
ஓடை.
அயனி.
பதினேழரை.
பிறகு எதுவும் தோன்றாமல் வெறும் இடைவெளி.
கடைசியாக, சுனிஜா.
பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன்.
இல்லை.

எட்டு வருஷம் முன்பு
என் பத்திரத்துக்கு அந்த வரியை
நானேதான் அடித்தேன், ஒவ்வொரு எழுத்தாக.
'தூண்டுதல்' என்பதில் ஒரு கால் விட்டுப்போக,
திரும்பப் போய்த் திருத்தினேன்.
விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி.
தம்பிமார் வந்தாயிற்று, அவள் வரவில்லை.
சார் திரையை எட்டிப் பார்த்தார்.
"மூணாம் பத்தி என்ன ஒழிஞ்சி கெடக்கு?
பழைய ஃபைல்ல இருக்குமே, எடுத்துப் போடு."

"இருக்கு சார்.
அவ வந்து சொல்லட்டு."