அலமாரிக்குள் நீர்க்கோடு

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்.
ஹோல்கம் ஓடையின் இரு கரையிலும்
வீடு வீடாகக் கதவு தட்டுகிறோம்
நானும் அன்செல்ம் புரூயிட்டும்.
மட்டக்கோல் அவன் தோளில்,
ஆணி டப்பா என் பையில்.

பாலத்தடி அளவுமானி
இரவு இரண்டு பத்துக்குக் கடைசியாகப் பேசியது.
பதினொன்றரை அடி என்றது.
பிறகு யார் வீட்டுக் குப்பைத்தொட்டியோ
அதன்மேல் ஏறிப் போயிருக்கிறது.
உச்சம் எவ்வளவென்று
இனி வீடுகளைத்தான் கேட்க வேண்டும்.

வெளிச்சுவரை நம்ப முடியாது,
அலை அடித்து ஒரு சாண் கூட்டிச் சொல்லும்.
வேலியில் சிக்கிய வைக்கோல்
தொய்ந்துபோய்க் குறைத்துச் சொல்லும்.
அலை நுழையாத மூடிய இடத்தில்தான்
தண்ணீர் தன் உயரத்தை
ஒழுங்காக எழுதிவைக்கும்:
காப்பித்தூளை ஈரவிரலால் இழுத்தாற்போல் ஒரு கோடு.
புல்விதை, மரத்தூள், ஒற்றை எறும்புக்கால்.

ஆகவே முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிறோம்:
உங்கள் துணி அலமாரியைத் திறக்கலாமா?

வெர்லீன் ஸ்டக்கி உடனே பதில் சொல்லவில்லை.
வாசலில் கம்பளம் சுருண்டு கிடந்தது,
செத்த மாட்டின் கனத்தோடு.
"போன தடவை நூறு வருஷ வெள்ளம் என்றார்கள்.
அதற்கு முந்தின தடவையும் அதையே சொன்னார்கள்.
இதோடு மூன்று.
எனக்கென்ன முந்நூறு வயதா?"

நூறில் ஒரு பங்கு வாய்ப்பு,
வருஷா வருஷம் சீட்டைப் புதிதாகக் குலுக்குவார்கள்
என்று விளக்க வாயெடுத்தேன்.
அன்செல்ம் என் காலை மிதித்தான்.

அதுவும் முழு உண்மை இல்லை.
அந்தக் கணக்குப் போட்ட காலத்தில்
மேட்டில் சோயா வயல்.
மழை முதலில் மண்ணிடம் போகும்,
மண் குடித்து மிச்சம் வைத்தது ஓடைக்கு.
உச்சம் இங்கு வந்துசேர ஐந்து மணி நேரம்.
இப்போது நாற்பது ஏக்கர் வாகன நிறுத்தம்,
எண்ணூறு கூரை, கூரைக்கொரு குழாய்,
எல்லாக் குழாய்க்கும் ஒரே முகவரி.
ஐம்பது நிமிஷம்.
மழை என்னவோ அதே இரண்டரை அங்குலம்.

"லைல் போனதிலிருந்து இதைத் திறக்கவில்லை" என்றார்.
கதவு ஊதியிருந்தது.
மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம்.

உள்ளே பழுப்புக் கோட்டு, ஆறு சட்டை.
ஆறு சட்டையின் வாலிலும், கோட்டின் ஓரத்திலும்,
பின்னால் பலகையிலும்
ஒரே மட்டத்தில், மயிரிழை கனத்தில்,
எங்கும் விடுபடாமல்.
பதினாலு வருஷ வேலையில்
இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.
"அருமையான கோடு" என்று சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார்,
என்னையல்ல, கோட்டை.
"லைலும் அப்படித்தான்.
ஒரு படம் மாட்டவும் மட்டப்பலகை வேண்டும் அவருக்கு."
பிறகு தாமே சட்டைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்
நான் ஆணி அடிக்க.

திரும்பும் வழியில்
எஞ்சியிருந்த கடைசி வயலில்
அளவைக்காரர்களின் இளஞ்சிவப்புக் கொடிகள்.
அன்செல்ம் எண்ணத் தொடங்கினான்,
அறுபதில் விட்டுவிட்டான்.

எங்கள் வரைபடத்தில்
ஒன்பது அடிவரைக்கும் முழுக்கோடு.
அதற்குமேல் விட்டுவிட்டு வரைந்த புள்ளிகள்,
அந்த உயரத்தில் யாரும் நின்று அளந்ததில்லை.
அந்த வெற்றிடத்தில் இன்று ஒரு புள்ளி வைத்தேன்.
குறிப்பு: அலமாரி உள்பலகை, விதைக்கோடு.
தரம்: மிக நன்று.
சட்டைகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒன்று விட்டுப்போயிற்று.
கிளம்பும்போது அவர் கேட்டார்:
"ஆணியைப் பிடுங்கிவிடலாமா?"
இருக்கட்டும், மறுபடி வந்து சரிபார்ப்போம் என்றேன்.
"அப்படியானால்
அதில் எதையாவது மாட்டிக்கொள்கிறேன்."