விழுந்த காரணம்

எக்ஸ்ரே அறையில் எல்லோருக்கும் ஒரே வசனம்தான்.
மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க.
விடுங்க.
பத்தொன்பது வருஷமாகப் பெரியாஸ்பத்திரியில்
இதைத்தான் பேசுகிறேன்,
ஒருவரும் கைதட்டியதில்லை.

அன்று ஸ்ட்ரெச்சரில் வந்த கிழவர்
'பிடிங்க'வுக்கும் 'விடுங்க'வுக்கும் நடுவே
கன்னம் இரண்டையும் உப்பவைத்து
கருவிழிகளை மெல்ல மூக்குப் பக்கம் ஓட்டினார்.
சிரிப்பில் என் கை பிசகி
முதல் பிளேட் பாழ்.
அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்.
மகால் ஏழாம் தெரு கோவர்த்தனன்.
போஸ்டரில் 'தொபுக்கடி' கோவர்த்தனன்,
கதாநாயகனின் முழங்கைக்குக் கீழே,
அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே.

இரண்டாவது பிளேட்டை
ஈரம் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.
"எடுத்த படத்தைக் காட்டும்மா.
நூத்திப் பதினோரு படம்.
ரஷ் போட்டா என்னை மட்டும் வெளியே நிக்கச் சொல்லுவாங்க."

தலையணையை உயர்த்தி வைத்தேன்.
தன் வால் எலும்பைப் பார்த்து
பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் தலையாட்டினார்.
"இது சோப்புத் தண்ணி. ஏழு டேக்."
கீழ்முதுகில் ஒட்டிக்கொண்ட இரண்டு கணுக்கள்:
"கட்டிலுக்கு அடியில நான்.
மேல மாமனார் வேஷக்காரர்.
கட்டில் உடைஞ்ச பிறகும் எந்திரிக்கலை,
அவருக்கு வசனம் பாக்கி இருந்துச்சு."

கீழவாசலில் லாரியிலிருந்து
நூல் மூட்டையோடு உருண்டு விழுந்தவனை
ஷூட்டிங்குக்கு மாடு பிடிக்க வந்த ஏஜெண்டு பார்த்தானாம்.
மாட்டை விட்டுவிட்டு இவரை ஏற்றிக்கொண்டு போனான்.
சம்பளத்தை விழுக்காட்டில் பேசினார்கள்,
அதாவது விழுகிற விழுக்காடு.
தரைக்குப் பதினைந்து ரூபாய்.
சேற்றுக்கு இருபது, வெளுக்கிற கூலி அதிலேயே அடக்கம்.
மாடியிலிருந்து என்றால் படிக்கணக்கு;
எருமை முதுகிலிருந்து என்றால்
எருமைக்கு ஐந்து ரூபாய் கூடுதல்.

சௌராஷ்டிரம் கலந்த அவர் தமிழை
மைக் ஏற்கவில்லை.
'ஐயோ'வுக்குக்கூட வேறு ஆளை வைத்தார்கள்.
அப்புறம் வாய் உள்ளவர்கள் வந்தார்கள்.
நின்ற இடத்தில் நின்றே சிரிக்கவைத்தார்கள்,
வேட்டி கசங்காமல்.
இவர் ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டார்.

"இப்ப எப்படி விழுந்தீங்க?"

"குளியலறை வாசல்ல.
கால் போனதும் பழக்கதோஷம்,
கையை றெக்கை மாதிரி விரிச்சேன்.
வாயைப் பொளந்தேன்.
விழுந்து கிடந்து
சத்தத்துக்காகக் காத்திருந்தேன்மா. வரலை.
அது என்னோட சத்தமே இல்ல.
கோடம்பாக்கத்துல மரியதாஸுனு ஒருத்தர்
நனைஞ்ச சாக்குல பூசணிக்காயைப் போட்டு
தகரத்துல ஒரு தட்டு தட்டுவாரு.
எனக்காவது போஸ்டர் உண்டு.
அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம்.
சத்தமில்லாம விழுந்தவனை யாரு வந்து பார்ப்பா?
பால்காரன் வர்ற வரைக்கும்
உத்தரத்துப் பல்லியைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்.
அதுவும் விழலை."

பதிவேட்டை எடுத்தேன்.
பெயர். வயது எழுபத்தாறு. ஆண். இடது தொடை எலும்பின் கழுத்து.
'விழுந்த காரணம்' என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் எழுதுவதையே எழுதினேன்.
கண்ணாடி வீட்டில் கிடந்ததால்
என்னையே வாசிக்கச் சொன்னார்.

"தற்செயல்."

புதுப் பல்செட்டைப் போட்டுப் பார்ப்பவர்போல்
அந்தச் சொல்லை வாய்க்குள் நகர்த்தினார்.
"எல்லாமே சாக்பீஸ் வட்டத்துக்குள்ள விழுந்ததுதான்மா.
இது ஒண்ணுதான்...
எங்க, இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.
அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

வார்டு பையன் அவசரத்தில் திருப்ப
ஸ்ட்ரெச்சர் நிலைக்கதவின் தகரத்தில்
டமாரென்று மோதியது.
வெளி பெஞ்சில், மாவுக்கட்டுக் கைகளும் கால்களுமாக
உட்கார்ந்திருந்த வரிசை
கொல்லென்று சிரித்தது.

கோவர்த்தனன்
படுத்தபடியே கையைத் தூக்கி
தகரத்தைப் பார்த்து
ஒரு கும்பிடு போட்டார்.