எச்சம்

டென்பரியில் இன்று ஏலம்.
ஈரப் புல்லில் வரிசையாகக் கட்டுகள்,
கவடு கவடாகப் பிரியும் பச்சைக் குச்சிகள்,
ஒவ்வொரு கவட்டிலும் வெள்ளைக் காய்கள்.
டெலித் ப்ராசர் கொண்டுவந்தது பதினேழு கட்டு,
சீட்டு எண் நாற்பத்தொன்று தொடங்கி.

"மிசில்டோ என்றால் என்ன அர்த்தம்?"
பர்மிங்ஹாம் பூக்கடைக்காரன் கேட்டான்.
பேச்சுக் கொடுத்து விலையைக் குறைக்கும் வழி அது.
அவளோ பதிலையே சொல்லிவிட்டாள்:
"எச்சக் குச்சி."

பழைய ஆங்கிலத்தில் பின்பாதி குச்சிதான்,
அதில் தகராறு இல்லை.
கடைசியில் ஒரு 'ன்' இருந்தது;
பன்மை விகுதியென்று நினைத்து யாரோ
கிள்ளி எறிந்துவிட்டார்கள்.
முன்பாதியில்தான் வழக்கு.
பறவை போட்டது என்கிறார்கள் சிலர்.
வேறு சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு
வேறு வேர் தேடுகிறார்கள்.

பூங்குருவிக்கு வழக்கு ஏதுமில்லை.
தின்கிறது. ஆப்பிள் கிளையில் வந்து உட்கார்கிறது.
சற்று நேரத்தில்
ஒரு பசை இழையில் விதை தொங்குகிறது.

"இதன் கீழேயா முத்தமிடுகிறோம்!" என்றான்.
"முத்தத்துக்கு ஒரு காய் பறிக்க வேண்டும்.
காய் தீர்ந்தால் முத்தமும் தீர்ந்தது."
கட்டுக்கு ஒரு பவுண்டு கூட்டியே கொடுத்தான்.

இதைத் தமிழில் எழுதுகிற எனக்கு
அவள் சொன்னதில் அருவருப்பு வரவில்லை.
பறவை இட்டதும் எச்சம்,
ஆள் போனபின் மிஞ்சுவதும் எச்சம்,
பெற்ற பிள்ளையும் எச்சம்.
முடியாமல் நின்று
அடுத்த சொல்லுக்கு ஏங்குகிற சொல்லும்
இலக்கணத்தில் எச்சம்தான்.
'வந்த' என்றால், யார்?
'போய்' என்றால், பிறகு?

செடிக்குத்தான் புல்லுருவி என்று பெயர் வைத்து
ஒட்டி வாழ்கிறவனைத் திட்டப் பழகிவிட்டோம்.

ஐட்ரிஸும் திட்டுவான்,
ஏணிமேல் நின்று, கையில் ரம்பத்தோடு.
"திருட்டுக் கழுதை, மரத்தை உறிஞ்சுது."
பன்னிரண்டு வருடம் அவள் கணவன்.
வேலியோரம் அவன் நட்ட இளமரத்தில் மட்டும்
ஒரு முளையை அண்டவிட்டதில்லை.
போன மார்ச்சில் அவனும் போய்

விற்காத கட்டு ஒன்று
வாசற்கதவுக்கு மேல் தொங்கியது.
கிறிஸ்துமஸ் வந்தது.
அதன் கீழே வந்து நின்றது தபால்காரி மட்டும்,
யாருக்கோ வந்த பார்சலோடு.
காய்கள் குறையவில்லை.

பிப்ரவரியில் வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள்
கட்டை இறக்கி வேலியோரம் எடுத்துப் போனாள்.
ஒரு காயை நசுக்கினாள்.
பசை விரலை விட மறுத்தது.
ஐட்ரிஸின் மரத்தில், இளங்கிளையின் அடிப்பக்கம்,
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.
இலை தெரிய நாலைந்து வருடம் ஆகும்.

பழியா, வேறெதுவுமா?
நான் கேட்கவில்லை.
பக்கத்து மரத்துப் பூங்குருவி
தன் வேலையை இன்னொருத்தி செய்வதைப்
பார்த்துக்கொண்டிருந்தது.